அழுகைப் பாட்டுக்கு டிரம்ஸ்

மூன்றாவது தடவையாக அந்தப் பாட்டு ஓடியதும் ராஜரத்தினத்துக்குப் பொறுக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இறந்துபோன அக்காவை நினைத்து ஒரு பாப் பாடகி உருகி உருகிப் பாடிய பாட்டு. ராஜபாளையத்தில் அதைக் கேட்டு அழாதவர்கள் குறைவு. மனைவியைப் பறிகொடுத்த ராஜரத்தினம் அந்தக் கேசட்டைத் தேயத் தேயக் கேட்டவர்.

இப்போது எவனோ அதற்கு டிரம்ஸ் அடித்து, டான்ஸ் மிக்ஸ் என்று புதுக் கேசட் போட்டுவிட்டான். கல்யாண வீட்டில் போட்டுத் தொலைத்தால்கூடச் சரி. போடுவது யார்? அவருடைய லைன் வீட்டில் குடியிருக்கும் மெகராஜ் பேகம். ஐம்பதைத் தாண்டிய பிறகு டிஸ்கோ கேட்கிறதாக்கும் என்று தெருவே சிரித்தது. ராஜரத்தினம் ஆள்விட்டுச் சொல்லியும் பார்த்தார். மறுநாள் சத்தம் கூடியதுதான் மிச்சம்.

பேகத்தின் கணவர் முத்து முகம்மது, ராஜரத்தினத்தின் பேண்டேஜ் துணி விசைத்தறியில் வேலை பார்த்தவர். போன வருஷம்தான் நின்றார்.

வாசலில் நின்று ராஜரத்தினம் இரண்டு தரம் கூப்பிட்டார். டேப்ரெக்கார்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முத்து முகம்மது திரும்பவே இல்லை. வேலையோடு மரியாதையும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார்.

பேகம்தான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள்.

"ஏம்மா, அழுகுற பாட்டுக்கு ஆட்டமா? நிறுத்து. இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணு."

"காலி பண்ணுதேன் மொதலாளி. பாட்டை நிறுத்த மாட்டேன்."

இப்படி ஒரு பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. பழைய கேசட்டைப் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று இறங்கி வந்து கேட்டார்.

"எங்க மக அசீனா மவுத்தானப்போ அவிய அழவே இல்லை. இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் அழுதாவ. இப்ப பழைய கேசட்டு அவியளுக்குக் கேக்கலை. இதுல அடி பலமா இருக்கு. பெட்டி மேல கையை வச்சா தாளம் தெரியுதாம், வரி தன்னால வருதாம்."

ராஜரத்தினம் எட்டிப் பார்த்தார். பெட்டியில் உள்ளங்கையை வைத்தபடி முத்து முகம்மது முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கன்னம் நனைந்திருந்தது.

மனசு இளகினாலும் வீம்பு விடவில்லை. "அதுக்காக இம்புட்டுச் சத்தமா? மனுசன் தாங்க வேண்டாமா?"

"ஒங்க தறிச் சத்தத்தை இருபது வருஷம் அவிய தாங்குனாவ மொதலாளி. இதை நீங்க செத்த நேரம் தாங்குங்க."