தனி டம்ளர்

"எங்க வீட்ல யாரோட வயிறும் சரியில்லயாம். உன் வயித்துல இருக்கிற கிருமிதான் நல்ல கிருமியாம், பவுனு," என்றாள் கற்பகவல்லி. நிற்காத வயிற்றுப்போக்கில் ஆள் பாதியாகியிருந்தாள். பவுனின் மலத்திலிருந்து அந்தக் கிருமியை எடுத்து இவள் குடலில் விடப்போகிறாராம் டாக்டர். போன வாரம் செக்கப் என்று சொல்லி டப்பாவில் வாங்கிப் போனது இதற்குத்தானா! பதினோரு வருடமாக அந்த வீட்டில் பாத்திரம் துலக்கும் பவுனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துவைக்கிற கல்லுக்குப் பின்னால் தனக்கென்று ஒதுக்கியிருந்த நசுங்கிய டம்ளரில் தண்ணீர் பிடித்து, வாய்வைத்துப் பாதி குடித்தாள். மீதியைக் கற்பகவல்லியின் முன்னால் நங்கென்று வைத்தாள். "மொதல்ல இந்த எச்சித் தண்ணியக் குடிங்கம்மா. அப்புறம் அதத் தர்றேன்."

கற்பகவல்லி டம்ளரைப் பார்க்கவில்லை. வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள்.