ஒரு சொல்லுக்கு ஒரு குலவை

அக்டோபர் 14, செவ்வாய். பிள்ளை சொல்லும்போது மனம்விட்டுப் பாராட்டுங்கள் என்று சொன்ன பேச்சுப் பயிற்சியாளர் ஓல்ஃபா, எப்போது பாராட்டுவது என்று சொல்ல மறந்திருக்கிறாள்.

துனிசியாவின் ஸ்பாக்ஸ் நகரத்து மாடிவீட்டில் மாலை வெயில் பாயின் பாதிவரை வந்து கிடக்கிறது. பாயில் நான்கு வயது நிதால். சொல்ல வேண்டியது அவன் மனதில் தெளிவாக இருக்கிறது. உதடும் நாக்கும்தான் அவன் பேச்சைக் கேட்பதில்லை. ஒரே சொல்லை விடாமல் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் அவற்றைப் பழக்க வேண்டும். ஓல்ஃபா அவன் உதடுகளை இரு விரலால் மெல்லச் சேர்த்துவிடுகிறாள். "பா...பா" என்கிறான், அப்பாவை அழைக்கும் சொல். உடனே அவன் அம்மா ஹாஜர் கையை வாயருகே வைத்துக் குலவையிடுகிறாள். பக்கத்து மாடியிலிருந்து யாரோ பதில் குலவை கொடுக்கிறார்கள். நிதால் சிரித்தபடி காதைப் பொத்திக்கொள்கிறான். அடுத்த "பாபா" வரவில்லை. உதடு கோணிக்கொண்டு போகிறது.

"ஹாஜர் அக்கா, கொஞ்சம் பொறுங்களேன். இங்க என்ன கல்யாணமா நடக்குது?"

"என் கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு சந்தோஷப்படலடி. நீதானே கொண்டாடச் சொன்னே?"

சொன்னது ஓல்ஃபாதான். ஹாஜர் தலைத்துணியால் வாயை மூடிக்கொள்கிறாள். ஓல்ஃபா மறுபடி விரலை வைக்கிறாள். நிதால் அம்மாவின் மூடிய வாயையே பார்க்கிறான். சேர்ந்த உதடு திறக்க மறுக்கிறது. குலவை அவனை நிறுத்துகிறதா, குலவைக்காகத்தான் அவன் பேசுகிறானா? ஓல்ஃபாவுக்கு விளங்கவில்லை.

நாளை நான்கு மணிக்கு அதே பாய், அதே சொல். ஐந்து "பாபா" சேர்ந்த பிறகே ஒரு குலவை. முதலில் ஹாஜரைப் பழக்க வேண்டும்.