லாரி வராத குன்று

ஒரு நாள் குன்றின் அடிவாரத்தில், எங்கள் வீட்டுப் பரணிலிருந்த பித்தளைப் பாத்திரங்கள் தாமாகவே கிணுகிணுத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. குன்றின் மேல் தனியாக இருந்த அதிர்வுமானி மட்டும் அன்று, "நிலம் நடுங்கியது" என்று எழுதி அனுப்பியது.

"லாரி போயிருக்கும்" என்றது தலைமை அலுவலக ஆந்தை.

"ஐயா, இங்கே சாலையே இல்லையே!"

"மூன்று பேர் சொன்னால்தான் நடுங்கிய இடத்தைக் குறிக்க முடியும். நீ ஒருத்தன் சொன்னால் அது லாரிதான்."

இப்படிக் கணக்கில் இருநூறு லாரிகள் சேர்ந்துவிட்டதால், குன்றில் சோதனைச் சாவடி கட்டி ஓர் ஆமையை வேலைக்கு வைத்தார்கள்.

"லாரி எங்கேடா?" என்று ஆமை தினமும் கேட்டது. "இன்னொரு பொய் எழுதினால் உன்னைக் கழற்றி எடைக்குப் போடப் போகிறார்களாம்."

பிறகு ஆட்டுக்கொட்டிலிலும் கிணற்றடியிலும் இரண்டு புதிய அதிர்வுமானிகள் வந்தன. மறுவாரமே பூமி லேசாகச் சிலிர்த்தது. பழைய மானி பயந்துகொண்டே எழுதியது.

"எங்களுக்கும் கேட்டது அண்ணே!" என்றன புதியவை.

ஒவ்வொரு மானியும் சொன்ன தூரத்துக்கு ஒன்றாக ஆந்தை வரைபடத்தில் மூன்று வட்டங்கள் போட்டது. மூன்றும் சாவடிக்கு நேர் கீழே சந்தித்தன.

"சரி, நிலநடுக்கம்தான்" என்றது ஆந்தை. பழைய மானியை யாரும் கழற்றவில்லை. சாவடியைத்தான் மூடினார்கள்.

ஆமைக்குத் துறைமுகத்துக்கு மாற்றல் வந்தது. போகும் வழியிலேயே அது ஓய்வு பெற்றது.