தூக்குவாளியில் ஓட்ஸ் கஞ்சி

சுயம்புலிங்கத்தின் சட்டையில் இன்றைக்கும் சுக்கா வாடை அடித்தது. துவைக்க எடுத்த கிருபாவதி அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். சந்தேகமே இல்லை, மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்த ஆட்டுக்கறிதான்.

அந்த வீட்டில் கறிச்சட்டி அடுப்பேறி மூன்று மாதமாகிறது. சின்னமனூர் லேபில் அவருக்குக் கொலஸ்ட்ரால் இருநூற்றுத் தொண்ணூறு என்று எழுதிக் கொடுத்த நாளோடு சரி. மாமனார் அவர்களுடைய தோட்டத்துத் திராட்சைப் பந்தலுக்கடியில், நாற்பத்தெட்டு வயதில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். புருஷனுக்கு இந்தச் சித்திரை வந்தால் நாற்பத்தெட்டு. அதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்காது.

"மூணு மாசம் சாப்பாட்டக் கட்டுப்படுத்துங்க, மாத்திரைய அப்புறம் பாப்போம்" என்றார் டாக்டர். கிருபாவதி விடுவாளா? தேனியிலிருந்து ஓட்ஸ் வந்தது. மதுரையிலிருந்து மீன் எண்ணெய் மாத்திரையும் பூண்டு மாத்திரையும் வந்தன. யார் எதைச் சொன்னாலும் அது அடுத்த நாள் தூக்குவாளியில் ஏறித் தோட்டத்துக்குப் போனது.

காலையில் ஓடைப்பட்டி ரோட்டில் நடக்கச் சொன்னாள். "கர்ணனும் வரட்டும், தொணைக்கு" என்றார் அவர். தோட்டத்து வேலையாள் கர்ணன் இல்லாமல் அவருக்கு எதுவும் ஓடாது. லேபுக்கு ரத்தம் கொடுக்கப் போனபோதுகூட டி.வி.எஸ். வண்டியில் அவனைத்தான் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் கர்ணனின் முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. கேட்டதற்கு, "பந்தக் கம்பி கிழிச்சிருச்சு மதினி" என்றான்.

மருந்து பாதி, சாமி பாதி. "கொழுப்பு குறைஞ்சா தீச்சட்டி எடுக்குறேன் ஆத்தா" என்று வீரபாண்டி கௌமாரியம்மனுக்கும் நேர்ந்துகொண்டாள்.

ஆத்தா கேட்டுவிட்டாள். நேற்று வந்த ரிப்போர்ட்டில் இருநூற்று இருபத்தெட்டு. டாக்டரே பரவாயில்லையே என்றார். ஆனால் கிருபாவதிக்கு நிம்மதி வரவில்லை. மனுஷனின் தொந்தி ஒரு விரற்கடைகூட வற்றவில்லையே! இப்போது இந்தச் சட்டை வேறு. கறி தின்கிறவருக்குக் கொழுப்பு எப்படிக் குறையும்? உட்கார்ந்தாள், எழுந்தாள், வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டு உச்சி வெயிலில் தோட்டத்துக்கே கிளம்பிவிட்டாள்.

பந்தலுக்கடியில் குனிந்து போனவள் அப்படியே நின்றாள். அவள் கொடுத்துவிட்ட தூக்குவாளி கர்ணன் மடியில் இருந்தது. பந்தக்காலுக்குச் சட்டை மாட்டியது போலிருக்கும் அவன், கண்ணை இறுக்கிக்கொண்டு ஓட்ஸ் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தான். அவன் உள்ளங்கையில் மீன் எண்ணெய் மாத்திரையை வைத்தார் சுயம்புலிங்கம்.

"முழுங்குடா. மொகத்தச் சுளிக்காத."

அவர் முன்னால் கர்ணனின் தூக்குவாளி திறந்து கிடந்தது. கர்ணனின் மாமனார் கறிக்கடைக்காரர். வாளிக்குள் சுக்கா மினுமினுத்தது.

"நல்லாருக்குங்க!" என்றாள் கிருபாவதி.

சுயம்புலிங்கத்தின் கை வாய்க்கும் வாளிக்கும் நடுவில் நின்றது.

"கோழி கூப்பிட எந்திரிச்சு நான் காச்சுன கஞ்சிய அவன் குடிக்கிறான். அவன் வீட்டுக் கறிய நீங்க திங்கிறீக! ஒங்க அப்பாரு இங்கனதான விழுந்தாக? நான் என்ன கதியாவேன்னு ஒரு நாளாச்சும் நெனச்சீகளா?" அழுகையில் குரல் உடைந்தது.

"சத்தம் போடாத புள்ள. பக்கத்துத் தோட்டத்துல ஆளு இருக்கு."

"போடத்தான் செய்வேன். இந்த லெச்சணத்துல ஒங்களுக்கு எப்படிக் குறைஞ்சிச்சு?"

கர்ணன் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"அண்ணன வையாதீக மதினி. லேப்புல குடுத்ததெல்லாம் என் ரத்தம்."

"என்னடா சொல்ற?"

"ரெண்டு தடவையும் நாந்தான். அண்ணனுக்கு ஊசியப் பாத்தாலே மயக்கம் வந்துருது. அவுக பேரச் சொல்லி நான் கைய நீட்டுனேன்."

"எலும்பும் தோலுமா இருக்கானே, இவன் ரத்தத்துல எங்கிட்டுக் கொழுப்பு இருக்கப் போகுதுன்னு நெனச்சேன் புள்ள" என்றார் சுயம்புலிங்கம். "ரிப்போர்ட் நல்லா வந்தா நீயும் கறிய நிப்பாட்ட மாட்ட. இவனுக்கு இம்புட்டு வந்து நிக்கும்னு யாரு கண்டா? பொம்பளப் பிள்ளைக ரெண்ட வச்சிருக்கான். அதான் நீ குடுத்தத எல்லாம் இவனுக்கே குடுத்துட்டேன். குறைஞ்சிருச்சுல்ல?"

கிருபாவதி பொத்தென்று மண்ணில் உட்கார்ந்தாள். மூன்று மாதமாக அவளைத் தூங்கவிடாமல் அடித்த அந்த இருநூற்றுத் தொண்ணூறு அவள் புருஷனுடையதே இல்லை! அழுகையோடு சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது.

"அடப் பாவிகளா! அப்ப நான் இவனுக்கா தீச்சட்டி எடுக்கணும்?"

"ஒங்க புண்ணியம் மதினி" என்று கும்பிட்டான் கர்ணன்.

அவள் சிரித்ததும் சுயம்புலிங்கத்துக்கு உயிர் வந்தது. நிழலில் உட்கார்ந்திருந்தும் வழிந்த வேர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு, சுக்காவில் கொழுப்பாக ஒரு கறித்துண்டைத் தேடி எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார்.

கிருபாவதியின் சிரிப்பு பாதியில் நின்றது. எட்டி அவர் கையைப் பிடித்தாள்.

"அப்ப ஒங்களுக்கு எம்புட்டு?"