செல்வினின் நிறம்

போன மாதம் இறந்த என் கணவர் செல்வினின் முகத்தை அச்சுப் பலகையில் செதுக்கி முடித்துவிட்டேன். அவருடைய நிறம்தான் பிடிபடவில்லை. காவியைக் கஞ்சியில் குழைத்து முதல் அச்சை எடுத்தபோது, "இது யாரோம்மா," என்றார் மாமியார். அவுரி நீலம் கொஞ்சம் சேர்த்தேன். "ஐஸ் பெட்டியில இப்படித்தான் கெடந்தான்," என்றார். மஞ்சளும் விளக்குக் கரியும் கலந்த அச்சைப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். பலகையைக் கழுவுமுன், ஒட்டியிருக்கும் மை போகட்டுமென்று ஒரு வெறும் தாளை அதன்மேல் வைத்துத் தேய்த்து உரித்தேன். கண் எது, நெற்றி எது என்று தெரியாத மங்கல். அதை மாமியார் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

"இதான் எம் பிள்ள. இது எனக்கு. ஒனக்கு ஒண்ணு எடுத்துக்கோ."

மை தடவாமல் அடுத்த தாளை வைத்துத் தேய்த்தேன்.