நானூற்று எழுபது ஓம்

மாலை போடும்போது ஒயர் இழுபட்டு, கீழே ரெசிஸ்டரின் கால் முறிந்தது. மகனின் படத்துக்கு மேலிருந்த சின்ன எல்இடி அணைந்துபோனது.

அவர் சால்டரிங் அயர்னைச் சூடு பண்ண வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

மகன் போய் இன்றோடு ஒரு வருடம். பத்து மணிக்குச் சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள்.

டப்பா நிறைய ரெசிஸ்டர். ஒவ்வொன்றின் உடம்பிலும் நிறக் கோடுகள். எந்த நிறத்துக்கு எந்த எண் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி டப்பா மூடியில் ஒட்டியவன் அவன்தான்.

கணக்கும் அவன் எழுத்தில்தான் இருந்தது. அடாப்டர் பன்னிரண்டு வோல்ட். எல்இடிக்கு மூன்று போக மீதி ஒன்பது. நானூற்று ஐம்பது ஓம் வேண்டும். கடையில் அந்த அளவு கிடைக்காது. நானூற்று எழுபது போட்டால் நன்றாக எரியும்.

மஞ்சள், ஊதா, பழுப்பு.

அவர் கை பத்தாயிரம் ஓம் ரெசிஸ்டரைத் துழாவி எடுத்தது.

எண் கூடக்கூட வெளிச்சம் குறையும். போன வருடம் படம் மாட்டியபோதும் இதைத்தான் வைத்தார். படத்தின் சட்டம் தெரியும். மாலை தெரியும்.

முகம் தெரியாது.

இதற்கு மேல் வெளிச்சம் வைத்தால் பல்பு புகைந்துவிடும் என்று மனைவியிடம் சொல்லியிருந்தார்.

மகன் செத்த அன்று காய்ச்சல் அவருக்கு. கல்யாண மண்டபத்தில் சீரியல் லைட் கட்டுகிற வேலை. தூறல் வேறு. போகமாட்டேன் என்றவனை அதட்டித்தான் அனுப்பினார். கம்பத்தில் ஏறியவனைக் கரண்ட் அடித்துவிட்டது.

மனைவி அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து குந்தினாள். அவர் விரலிடுக்கில் இருந்ததை வாங்கினாள். கோடுகளைப் பார்த்தாள். மூடியில் இருந்த தாளைப் பார்த்தாள்.

பத்தாயிரத்தை டப்பாவில் போட்டுவிட்டு, கிளறி, வேறொன்றை எடுத்து நீட்டினாள்.

மஞ்சள். ஊதா. பழுப்பு.

"எனக்கும்தாங்க சொல்லிக் குடுத்தான். பல்பெல்லாம் புகையாது. இன்னைக்காவது புள்ள மொகம் தெரியட்டும்."

ஒரு வருடமாக அவளுக்குத் தெரியும்.

அவர் வாங்கிக்கொண்டார். இரண்டு தடவை தப்பி, மூன்றாவது தடவை ஈயம் ஒட்டியது.

அவள் எழுந்து போய் சுவிட்சைப் போட்டாள். படத்துக்கு நேரே நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள்.

"பாருங்க" என்றாள்.

அவர் குனிந்து, ஆறிப்போன ஈயத்தை ஊதிக்கொண்டிருந்தார்.