மருதமரத்தின் தாகம்

கோடாரி வைப்பதற்கு முன்னால் அடிமரத்தில் உளியால் ஒரு குழி கொத்தி, அதில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பான் அருளாந்து. மரம் குடித்துவிட்டால் அன்றைக்கு அதை வெட்டக் கூடாது. மரவெட்டிகளின் கட்டுப்பாடு அது.

இந்த மருதமரம் பட்டுப்போய் மூன்று வருடமாகிறது. உச்சிவரைக்கும் பேருக்குக்கூட ஓர் இலை இல்லை.

“பட்ட மரத்துக்கு எதுக்குவே இதெல்லாம்?” என்று எரிந்து விழுந்தார் மேஸ்திரி.

“இலைதான் மேல இருந்து தண்ணிய இழுக்கும். இதுல இழுக்க ஆளே இல்ல. சும்மா ஒரு முறைக்கு ஊத்துதேன்” என்று பாட்டிலைச் சரித்தான்.

குழி நிறைந்து வெயிலில் மின்னியது. பிறகு ‘களுக்’கென்று வற்றிவிட்டது. மறுபடி ஊற்றினான். அதுவும் போயிற்று.

“உள்ள பொந்தா இருக்கும்” என்றார் மேஸ்திரி. அருளாந்து கோடாரியின் பின்பக்கத்தால் தட்டிப் பார்த்தான். மரம் கெட்டியாகத்தான் சத்தம் கொடுத்தது.

மூன்று வருடத்துக்கு முன்பு, இதே மரத்தின் உச்சியில் கொப்பு கழித்துக்கொண்டிருந்த அவனுடைய மச்சான் தொம்மை, “தொண்டை வறளுது மச்சான், கயித்துல தண்ணி கட்டி விடும்” என்று கத்தினான். “இன்னும் நாலு கொப்புதான? முடிச்சிட்டு இறங்கிவந்து குடியும்” என்று கீழிருந்து சொன்னவன் அருளாந்துதான். தொம்மை இறங்கி வரவில்லை, விழுந்து செத்தான்.

பாட்டில் காலியாகிவிட்டது. அருளாந்து அண்ணாந்து பார்க்கவில்லை. குழியின் விளிம்பைத் துண்டால் துடைத்துவிட்டான்.

“மேஸ்திரி, இது காணாது. ரெண்டு குடம் கொண்டாரச் சொல்லுங்க. தண்ணி உச்சிவரைக்கும் ஏறணும்லா.”